பிரியாணிப் பட்டை ஆப்பிள் பைக்குள் போன கதை

நம் வீடுகளில் பட்டை என்றால் கறிக்குழம்பு. பட்டை, கிராம்பு, சோம்பு மூன்றும் எண்ணெயில் விழுந்த மறுநிமிடமே இன்றைக்கு அந்த வீட்டில் அசைவம் என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். பாயசம், கேசரி, பால்கோவா எல்லாம் ஏலக்காயின் ராஜ்ஜியம். அங்கே பட்டை தலைகாட்டினால் பாட்டிமார் சும்மா விடமாட்டார்கள். அதனால்தான் அமெரிக்காவுக்குப் போய் முதன்முதலாக ஆப்பிள் பை சாப்பிடுகிற தமிழர் பலருக்கும் சின்னதாக ஒரு திகைப்பு. மொறுமொறுப்பான மாவு ஓட்டுக்குள் வெந்து குழைந்த ஆப்பிள், வெண்ணெய், சர்க்கரை. கூடவே பிரியாணி வாசம். இது எப்படி இதற்குள் வந்தது?

இனிப்புக்கென்று அது வரவில்லை. அங்கேயும் கறியோடுதான் வந்தது. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் அரண்மனைச் சமையற்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த 'ஃபார்ம் ஆஃப் கியூரி' என்ற சமையல் சுவடியில் ஆப்பிள் பைக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. ஆப்பிள், பேரிக்காய், அத்திப்பழம், உலர்திராட்சை, நிறத்துக்குக் குங்குமப்பூ, அப்புறம் நல்ல மசாலா. எந்த மசாலா, எவ்வளவு என்பதெல்லாம் சமையற்காரர் கைப்பாடு. சர்க்கரை கிடையாது. மேல்மாவு கெட்டியான பெட்டிபோல இருக்கும். வேகவைக்கிற பாத்திரமே அதுதான். அந்தக் காலத்து ஐரோப்பியப் பணக்காரர் வீட்டில் பட்டையும் கிராம்பும் ஜாதிக்காயும் மானிறைச்சியிலும் விழும், மீனிலும் விழும், பழத்திலும் விழும். உப்புப் பதார்த்தம் வேறு, இனிப்பு வேறு என்ற கோடு அப்போது இன்றைக்குப் போல அழுத்தமாகப் போடப்படவில்லை.

ஆப்பிளுக்கும் இங்கிலாந்து பூர்வீகம் அல்ல. கஜகஸ்தானின் தியான்ஷான் மலைக்காடுகளில் இன்றும் காட்டு ஆப்பிள் பழுக்கிறது. ரஷ்யத் தாவரவியலாளர் நிக்கோலாய் வாவிலோவ் 1929இல் அல்மாட்டி பக்கம் போய் அதைப் பார்த்துவிட்டு, ஆப்பிளின் தாயகம் இதுதான் என்றார். 2010இல் வெளியான மரபணு ஆய்வும் அதையே சொன்னது. வணிகர் கூட்டங்களோடு மெல்ல மெல்ல மேற்கே நகர்ந்த பழம் அது. அதற்காக யாரும் கோட்டை கட்டவில்லை, பீரங்கி இழுத்துவரவில்லை.

பட்டைக்காக இழுத்துவந்தார்கள். அது எங்கே விளைகிறது என்பதே ஐரோப்பாவுக்கு நெடுங்காலம் தெரியாது. பெரிய பறவைகள் பட்டைக்குச்சிகளைக் கொண்டு கூடு கட்டுகின்றன, அரேபியர்கள் தந்திரமாக அதை எடுத்துவருகிறார்கள் என்று கிரேக்கத்து ஹெரோடோட்டஸ் எழுதிவைத்தார். விலையேற்ற வியாபாரி விட்ட கதை என்று ரோமானிய அறிஞர் பிளினி பின்னால் சிரித்தார். 1505இல் போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் இலங்கைக் கரையை அடைந்தபோது கதை முடிந்தது, கொள்ளை தொடங்கியது. கோட்டே அரசர் பட்டையாகவே கப்பம் கட்டினார். 1656இல் கொழும்பைப் பிடித்த டச்சுக்காரர்கள் இன்னும் கறார். கள்ளத்தனமாகக் கறுவாவை, அதாவது பட்டையை, வெட்டினாலோ விற்றாலோ மரண தண்டனை என்று ஆணை போட்டார்கள்.

வெட்டிக் கொடுத்தவர்கள் சாலகம சாதியினர். தென்னிந்தியாவிலிருந்து வந்த நெசவாளர்கள் என்பது அவர்களைப் பற்றிய மரபுக் கதை. கறுவா உரிப்பது அவர்கள் மேல் சுமத்தப்பட்ட கட்டாய ஊழியம்; சிறுவயதிலேயே பெயர் பதிவேட்டில் ஏறிவிடும். இலங்கைக் காடுகளில் தேடித் தேடி உரித்தது போதாமல், 1760களின் கடைசியில் ஆளுநர் ஃபால்க் காலத்தில் கொழும்பு மருதானையில் தோட்டமாகவே பயிரிட ஆரம்பித்தார்கள். இன்று கொழும்பின் பணக்காரப் பகுதியான கறுவாத் தோட்டத்தின் பெயர் அந்த வழியில் வந்தது. இத்தனைக்கும் நடுவில், விலை சரிந்துவிடக் கூடாது என்று ஆம்ஸ்டர்டாமில் மூட்டை மூட்டையாக மசாலாவைக் கொளுத்தவும் செய்தார்கள்.

இதற்கிடையே ஐரோப்பியச் சமையலறையில் ஒரு திருப்பம். 1651இல் லா வரேன் என்ற பிரெஞ்சுச் சமையற்காரர் எழுதிய புத்தகத்தை அதற்கு அடையாளமாகச் சொல்வார்கள். இறைச்சி இறைச்சியாக ருசிக்க வேண்டும், மசாலா அதை மறைக்கக் கூடாது என்ற கட்சி பிரான்சில் வென்றது. மற்ற நாடுகளும் பின்தொடர்ந்தன. கப்பல் கப்பலாக வந்து இறங்கியதில் மசாலாவின் பணக்காரப் பவிசும் குறைந்திருந்தது. கறிச்சட்டியிலிருந்து பட்டை வெளியேறியது. இனிப்பிலும் பழத்திலும் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆக, இன்றைய ஆப்பிள் பையில் நாம் முகர்வது இடைக்கால ஐரோப்பாவின் மிச்சம். நம் பிரியாணியில் அந்த வெளியேற்றம் நடக்கவேயில்லை. என்னைக் கேட்டால் நஷ்டம் அவர்களுக்குத்தான்.

பை அமெரிக்காவுக்குக் கப்பலேறியது குடியேறிகளோடு. வட அமெரிக்காவில் அதற்குமுன் இருந்தவை புளித்து வழியும் குட்டிக் காட்டு ஆப்பிள்கள்தான். விதையும் கன்றும் ஐரோப்பாவிலிருந்தே போயின. ஆப்பிளின் குணம், விதை போட்டால் தாயைப் போல மரம் வராது, ஒட்டுக்கட்ட வேண்டும். ஊர் ஊராக நாற்றங்கால் போட்ட ஜான் சாப்மன் விதையையே நம்பினார். அந்த மரங்களின் காய் பெரும்பாலும் சைடர் என்ற ஆப்பிள் கள்ளுக்குத்தான் போனது.

1796ஆம் ஆண்டை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அந்த வருடம் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் அமீலியா சிம்மன்ஸ் என்ற பெண், அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவிலேயே அச்சான முதல் சமையல் புத்தகத்தை வெளியிட்டார். முகப்புப் பக்கத்தில் தன்னை அநாதை என்று அறிமுகப்படுத்திக்கொண்டவர். அவருடைய ஆப்பிள் பையில் எலுமிச்சைத் தோல் துருவல், பட்டை, ஜாதிபத்திரி, பன்னீர், சர்க்கரை. அதே 1796 பிப்ரவரியில், சென்னையிலிருந்து புறப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனிப் படை கொழும்பை டச்சுக்காரரிடமிருந்து பிடித்தது. அதில் மதராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள். அடுத்த இரண்டு வருடம் இலங்கையின் கரையோரமும் அதன் கறுவாவும் சென்னை நிர்வாகத்தின் கீழ். ஹார்ட்ஃபோர்டுச் சமையற்கட்டில் அந்தப் பையை வேகவைத்தவர்களுக்கு இது ஒன்றும் தெரிந்திருக்கத் தேவையில்லை. கனெக்டிகட்டுக்கு 'ஜாதிக்காய் மாநிலம்' என்றே ஒரு செல்லப்பெயர் உண்டு. மரக்கட்டையைச் செதுக்கி ஜாதிக்காய் என்று விற்ற வியாபாரிகளால் வந்ததாகக் கேலி செய்வார்கள்.

உண்மையான ஆள்மாறாட்டம் அடுத்த நூற்றாண்டில் நடந்தது. இலங்கைக் கறுவாவுக்கு ஆங்கிலேயர்கள் 1833 வரை ஏகபோகத்தையும் அதற்குப் பின் கடும் ஏற்றுமதி வரியையும் வைத்தார்கள். அந்த இடைவெளியில் மலிவான சீன காசியாப் பட்டை சந்தைக்குள் புகுந்தது. பின்னாளில் சுமத்ராவின் கெரின்சி மலைப்பகுதிப் பட்டையும் சேர்ந்தது. இன்று அமெரிக்கக் கடைகளில் சினமன் என்று விற்பதில் பெரும்பகுதி இந்தோனேசியா, வியட்நாம், சீனக் காசியாதான். அமெரிக்கரின் ஆப்பிள் பை நினைவில் இருக்கும் அந்தக் காரமான, சூடான வாசம் இலங்கையுடையது அல்ல. மென்மையான இலங்கைப் பட்டையை விரும்பி வாங்குவது பக்கத்து மெக்சிகோ.

செய்முறையே வேறு. இலங்கையில் இளங்கழிகளை வெட்டி, மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் தேய்த்து, உள்தோலைக் கிழியாமல் உரித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி நிழலில் உலர்த்துகிறார்கள். ஆறு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டத்தில் சுருண்டது 'ஆல்பா' என்ற உயர்தரம். மரத்தை அடியோடு அழிப்பதில்லை, மறுபடி துளிர்க்கும். சுமத்ராவில் பல ஆண்டு வளர்ந்த மரத்தைச் சாய்த்துத் தடித்த பட்டையைப் பெயர்க்கிறார்கள். 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கொடுத்தது.

காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். அளவு மீறினால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். ஒரு கிலோ காசியாப் பொடியில் சராசரியாக 3 கிராம் என்று ஜெர்மானிய அரசு ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. இலங்கைப் பட்டையில் அது மிகச் சொற்பம். 2013இல் டென்மார்க் அதிகாரிகள் உணவில் கூமரினுக்கு உள்ள வரம்பைக் காட்டிப் பட்டை ரொட்டிகளைச் சோதிக்கக் கிளம்பியதும் பேக்கரிக்காரர்கள் கொதித்துவிட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை. 60 கிலோ எடையுள்ளவர் தினமும் 2 கிராம் வரை காசியா சாப்பிடலாம் என்பது அந்த ஜெர்மானியர்களின் கணக்கு. எட்டுத் துண்டு போடும் பை ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டிப் பொடிதான் ஆகும்.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: நம் சந்தையின் சிவப்பு சிம்லா ஆப்பிள் இதற்கு ஆகாது. 1916இல் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் சிம்லா பக்கத்துக் கோட்கருக்குக் கொண்டுவந்த ரெட் டெலிஷியஸ் வழிவந்தது அது, வெந்தால் கூழாகிவிடும். புளிப்பான பச்சை ஆப்பிளை வாங்குங்கள். மாவில் சேர்க்கும் வெண்ணெய் ஜில்லென்று இருக்கட்டும், உருகினால் அடுக்கு வராது. பட்டை விஷயத்தில் என் தீர்ப்பு இது: பிரியாணிக்குக் காசியா, எண்ணெயில் பொரிந்தாலும் தாக்குப்பிடிக்கும், பழத்துக்கு இலங்கைப் பட்டை, பழத்தின் புளிப்பை அமுக்காது. ஆனால் ஒன்றரை மடங்கு போட வேண்டும். மளிகைக் கடையில் வெறுமனே பட்டை என்று கேட்டால் பெரும்பாலும் காசியாதான் கிடைக்கும். தடித்து, ஒரே மடிப்பாக, உடைக்கச் சிரமமாக இருந்தால் அதுதான். மெல்லிய ஏடுகள் சுருட்டுபோல உள்ளே நெருக்கமாக நிறைந்து, விரலால் அழுத்தினால் நொறுங்கினால் இலங்கைப் பட்டை. பொடியாக மட்டும் வாங்காதீர்கள். பொடியில் எது எதுவென்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.