சாந்திநிகேதனின் மாஸ்டர்மொஷாய்: நந்தலால் போஸின் நீர்வண்ணமும் கற்பித்தலும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்தியாவில் ஓவியம் கற்பிக்கப்பட்ட முறையையே மாற்றியமைத்தவர்களுள் நந்தலால் போஸ் (1882–1966) முதன்மையானவர். சாந்திநிகேதனில் 1919-இல் தொடங்கப்பட்ட கலாபவனத்தை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வழிநடத்தி 1951-இல் ஓய்வுபெற்ற அவரை, வங்காளத்தில் ஆசிரியரை மதிப்போடு விளிக்கும் 'மாஸ்டர்மொஷாய்' என்ற சொல்லால்தான் மூன்று தலைமுறை மாணவர்கள் அழைத்தனர். அரசியலமைப்புச் சட்டத்தின் கையெழுத்துப் படியை அணிசெய்தவர் என்ற புகழ் நாடெங்கும் பரவியிருப்பினும், அவர் தூரிகையில் கண்ட மாற்றங்களும் வகுப்பறையில் கையாண்ட முறைகளும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை என்பதை உணராமல் அவரை முழுமையாக அறிய இயலாது.

பீகாரின் முங்கேர் மாவட்டத்துக் கரக்பூரில் பிறந்த நந்தலால், 1905-இல் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்தபோது, ஐரோப்பியச் சிலைகளின் சுதை அச்சுகளைப் பார்த்து வரைவதே கல்வி என்றிருந்த நிலையை அப்பள்ளியின் முதல்வர் ஈ.பி. ஹாவெலும் துணைமுதல்வர் அவனீந்திரநாத் தாகூரும் மாற்றிக்கொண்டிருந்தனர். அவனீந்திரநாத்தின் அன்புக்குரிய மாணவராகிய நந்தலால் அவரிடம் கற்றது 'வாஷ்' எனப்படும் நீர்வண்ண முறையாகும். 1903-இல் கல்கத்தா வந்த யோகோயாமா தைகான், ஹிஷிதா ஷுன்சோ என்னும் ஜப்பானிய ஓவியர்களின் வேலையைக் கண்டு அவனீந்திரநாத் உருவாக்கிய இம்முறையில், மெல்லிய கோட்டால் வரைந்த உருவத்தில் ஒளி ஊடுருவும் வண்ணத்தை நிரப்பி, அது காய்ந்தபின் தாளை முழுவதுமாக நீரில் நனைத்தெடுத்து, அகன்ற தூரிகையால் அதன்மேல் மற்றொரு நீர்த்த வண்ணத்தைப் படரவிடுவர். பலமுறை நனைத்தும் உலர்த்தியும் வருவதால் வண்ணம் தாளின் இழைக்குள் இறங்கி, படம் முழுவதும் ஒரே மென்மூட்டத்தில் தோய்ந்து நிற்கும். சிவனையும் சதியையும் பொருளாகக் கொண்ட நந்தலாலின் தொடக்ககாலப் படங்கள் இம்முறையின் உச்சங்கள் எனலாம். ஆயினும் திறன் குறைந்த கைகளில் இது வெறும் மங்கலாகத் தேய்ந்துபோனது என்பதும், தேசிய உணர்வின் அடையாளமாகத் தொடங்கிய ஒரு பாணி சில ஆண்டுகளிலேயே சூத்திரமாகிவிட்டது என்பதும் மறுக்க முடியாதவை.

அந்த மூட்டத்திலிருந்து நந்தலால் வெளியேறிய வழி இரண்டு இடங்களைத் தொட்டுச் சென்றது. கிறிஸ்டியானா ஹெரிங்காம் என்ற ஆங்கில ஓவியரின் குழுவோடு அஜந்தா சுவரோவியங்களைப் படியெடுத்தபோது, உருவத்தின் கனத்தைக் கோடு ஒன்றே தாங்க முடியும் என்பதை அவர் கண்டார். பின்னர் வீர்பூம் மாவட்டத்துச் செம்மண் வெளியும், மழைநீர் அரித்த 'கோவாய்' என்னும் பள்ளங்களும், பனை மரங்களும், சந்தால் பழங்குடியினரின் குடிசைகளும் சூழ்ந்த சாந்திநிகேதனில், கண்முன் உள்ளதைப் பகல் வெளிச்சத்தில் நேராக வரையும் பழக்கம் வேரூன்றியது. 1924-இல் இரவீந்திரநாத் தாகூரோடு சீனாவுக்கும் ஜப்பானுக்கும் சென்று வந்ததும் இதற்குத் துணைநின்றது. மையில் தோய்த்த தூரிகையின் சில வீச்சுகளில் ஒரு மரத்தையோ ஆட்டையோ முடித்துவிடும் கீழை நாட்டு முறை அவருடைய பிற்கால நீர்வண்ணங்களின் உயிராயிற்று.

இதையே அவர் கற்பித்தார். 1940-இல் மாணவராகச் சேர்ந்த சத்யஜித் ராய் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தபடி, மரத்தை மேலிருந்து கீழாக வரையக்கூடாது, அது மண்ணிலிருந்து மேல்நோக்கி வளர்வதால் தூரிகையும் அடியிலிருந்து மேலே செல்ல வேண்டும் என்பது நந்தலாலின் பாடங்களில் ஒன்றாகும். தூரிகையை நகர்த்துவது குறித்த சிறு குறிப்பாகத் தோன்றினும், பொருளின் வளர்ச்சியைக் கையால் மீண்டும் வாழ்ந்து பார்க்கச் சொல்லும் இவ்வறிவுரையில் அவருடைய கலைக்கொள்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் அஞ்சலட்டை அளவே உள்ள அட்டைகளில் வரைந்து அனுப்பும் வழக்கமும் அவருக்கு இருந்தது. நாள்தோறும் கண்ணில் பட்ட பறவையும் செடியும் வழிப்போக்கரும் அவற்றில் இடம்பெற்றனர்.

நந்தலாலின் ஆசிரியப் பெருமை, தம்மைப் போன்றவர்களை அவர் உருவாக்காததில் உள்ளது. பிறவியிலேயே பார்வை குன்றியிருந்து பின்னாளில் அதை முற்றிலும் இழந்த வினோத் பிஹாரி முகர்ஜி சுவரோவியத்தில் தனி வழி கண்டார். பாங்குராவிலிருந்து வந்த ராம்கிங்கர் பைஜ், ஆசிரியர் விரும்பாத எண்ணெய் வண்ணத்தையும், கப்பிக்கல் கலந்த சிமெண்ட் சிற்பத்தையும் கலாபவன வளாகத்திலேயே வளர்த்தெடுத்தார். சென்னை மாநிலக் கல்லூரி மாணவராயிருந்து, வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றதால் அரசுக் கல்லூரிகளின் கதவு அடைபட்ட கே.ஜி. சுப்ரமணியனுக்கு 1944-இல் இடம் கொடுத்ததும் கலாபவனமே. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர் பின்பு பரோடாவில் பல ஆண்டுகள் ஆசிரியராயிருந்து, சாந்திநிகேதனுக்கும் கற்பிக்கத் திரும்பினார்.

காந்தியடிகளின் வேண்டுகோளுக்கிணங்க 1938-இல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்கு நந்தலால் தீட்டிய பலகைகளில் முரசறைவோரும் தச்சரும் நெல் குத்தும் பெண்களும் தடித்த கோட்டிலும் மண்வண்ணங்களிலும் எழுந்து நின்றனர். நகரக் கண்காட்சிக் கூடத்திலன்றி, கிராமத்து மக்கள் நடந்துசெல்லும் வழியில் வைப்பதற்காக வரையப்பட்டவை அவை. பத்தாண்டு கழித்து, பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதாவின் கையெழுத்தில் அமைந்த அரசியலமைப்புப் படியை அணிசெய்யும் பணி வந்தபோதும் அவர் அதை மாணவர்களோடு பகிர்ந்துகொண்டார். முகப்புரைப் பக்கத்தின் அணிவேலை அவருடைய மாணவர் பியோஹர் ராம்மனோஹர் சின்ஹாவுடையது.

1954-இல் பத்ம விபூஷண் பெற்ற நந்தலால், 1966 ஏப்ரல் 16 அன்று மறைந்தார். அவருடைய பிறந்த நாளான டிசம்பர் 3-ஐ ஒட்டி, ஆண்டுதோறும் டிசம்பர் முதலிரு நாள்களில் கலாபவனத்தில் நந்தன் மேளா நடைபெறுகிறது. மாணவர்களும் ஆசிரியர்களும் தாங்கள் செய்த படங்களையும் மண்பாண்டங்களையும் நாட்காட்டிகளையும் அங்கே எளிய விலைக்கு விற்று, வரும் பணத்தை மாணவர் நல நிதியில் சேர்க்கின்றனர்.