சிறு நெருப்பில் வெந்த சோறு

ஆய்வுக்காக லக்னோவில் தங்கியிருந்த ஒரு குளிர்காலம். வீட்டுக்கார அம்மையார் ஒருநாள் மாலை, "இன்று ஒன்றும் சமைக்கவில்லை, வெறும் தெஹ்ரிதான்" என்றார். கடுகெண்ணெயில் சீரகமும் பிரிஞ்சி இலையும் பொரிந்து, உருளைக்கிழங்கும் காலிஃபிளவரும் பச்சைப் பட்டாணியும் வதங்கி, மஞ்சள் தூவி, ஊறிய அரிசி அவற்றோடு வெந்துகொண்டிருந்தது. ஒரே பாத்திரத்தில் முடிந்துவிட்டதால் அது சமையல் என்னும் கணக்கில் சேரவில்லை.

தெஹ்ரியின் தோற்றம் குறித்துப் பரவலாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. நவாபுகளிடம் பணியாற்றிய, புலால் உண்ணாத கணக்கர்களுக்காகப் புலாவில் இறைச்சிக்கு மாற்றாகக் காய் இடப்பட்டதாம். இருக்கலாம். ஆயினும், அரிசியோடு கைக்கு அகப்பட்டதைச் சேர்த்து வேகவைக்க எந்த வீட்டுக்கும் அரண்மனை வழிகாட்டியிருக்க வேண்டியதில்லை. 14ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த இப்னு பதூதா, பாசிப்பயறும் அரிசியும் சேர்த்து வேகவைத்து நெய்யிட்ட உணவை மக்கள் அன்றாடம் காலையில் உண்டதைக் குறித்திருக்கிறார். அதற்கு அவர் தரும் பெயர் கிச்சடி என்பதன் அரபு வடிவமே.

அந்தக் கிச்சடியின் இரு பதிவுகளை அருகருகே வைத்துப் படிக்குமாறு மாணவர்களிடம் நான் எப்போதும் சொல்வதுண்டு. முதலாவது, அபுல் ஃபசலின் அயினி அக்பரி. இறைச்சி சேராத உணவுகளை அது சூஃபியானா என்று தனி வகையாகப் பிரிக்கிறது. அவ்வகையில் வரும் கிச்சடிக்கு அரிசி 5 சேர், பருப்பு 5 சேர், நெய்யும் 5 சேர்! உப்பு மூன்றில் ஒரு பங்கு சேர். அரிசிக்குச் சரிநிகராக நெய் வார்க்கும் அடுப்பில் எளிமை என்பது ஒரு தெரிவு.

இரண்டாவது, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகராக ஆக்ராவில் இருந்த பிரான்சிஸ்கோ பெல்சார்ட் 1626இல் எழுதிய அறிக்கை. நகரத்து உழைப்பாளிகளைப் பற்றிய பகுதியில் அவர் சொல்வது இது: இறைச்சியின் சுவையை அவர்கள் அவ்வளவாக அறியார்; பகலில் வறுத்த பயறையோ தானியத்தையோ கொறித்துக்கொள்வர்; மாலையில் பயறும் அரிசியும் கலந்து, சிறு நெருப்பில் நீர் வற்றும்வரை வேகவைத்து, சிறிது வெண்ணெயுடன் சூடாக உண்பர். பெயர் ஒன்றே, உணவு வேறு. அந்தச் சிறு நெருப்பு என்னும் சொல்லில்தான் என் கவனம் நிற்கிறது. குறைந்த கூலி, ஒரு நாளின் உழைப்பு முடிந்த அலுப்பு, அளந்து எரிக்க வேண்டிய எரிபொருள் ஆகியவை சேர்ந்தே ஒற்றைப் பாத்திரச் சமையலை வடிவமைத்தன என்பது என் கருத்து. தனியே சோறு, தனியே பருப்பு, தனியே காய் என்பதற்கு நெருப்பு மும்முறை வேண்டும்.

அம்மையாரின் பாத்திரத்தில் கிடந்த காய்களோ அவ்வளவு பழையவை அல்ல. பட்டாணி மட்டும் ஹரப்பா காலத்துக்கே போகும். உருளைக்கிழங்கும் மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. காலிஃபிளவர் விதை 1822இல் இங்கிலாந்திலிருந்து சஹாரன்பூர்த் தோட்டத்துக்கு வந்ததாகத் தோட்டக்கலை நூல்கள் கூறுகின்றன. பாட்டன் காலத்து உணவு என்று நாம் போற்றும் தெஹ்ரியில் பாதி, காலனியக் காலத்தின் வரவு. மாறாமல் நின்றது சமைக்கும் முறைதான்.

நெருப்பும் மாறியது. 1965இல் இண்டேன் எரிவாயு வந்தது. 2016 மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் உஜ்வலா திட்டம் தொடங்கியது. இவ்வளவுக்குப் பிறகும் தெஹ்ரி ஏன் மாலை உணவாகவே நிலைத்தது என்று அன்று அம்மையாரிடம் கேட்டேன். குளிருக்கு இதம் என்பார், பட்டாணிப் பருவம் என்பார் என எதிர்பார்த்தேன்.

அவர் சிலிண்டரை லேசாகச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பருப்பு, சப்ஜி, ரொட்டி எல்லாம் செய்ய இதில் வாயு இல்லை. புதியது திங்கட்கிழமைதான் வரும்."