மிளகாய்க் காசு வந்த ஏழு வருடம்

"நாங்கள் தோட்டத்தாலேயே வீடு கட்டினனாங்கள்" என்று எங்கள் பெரியவர்கள் சொல்லாத கொண்டாட்டம் இங்கே இல்லை. உண்மைதான். ஆனால் அந்தக் காலம் ஏன் வந்தது, ஏன் போனது?

1970 இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் கூட்டரசாங்கம் வந்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் செத்தல் மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கினார்கள். தென்னிலங்கைச் சமையலறைகளும் எங்கள் செம்மண்ணை நம்பியிருந்தன.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிக் கிணற்றில் நிற்கும், இறைத்தால்தான் பயிர். முன்பு ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, இன்னொருவர் வாய்க்காலில் தண்ணீர் மாறுவார். மண்ணெண்ணெய் மிசின் வந்தபின் பத்துப் பரப்பையும் (16 பரப்பு ஒரு ஏக்கர்) ஒரு குடும்பமே பார்த்துக்கொண்டது. அரசாங்க வேலை கிடைக்காத பெடியள் படித்த வாலிபர் திட்டத்தில் விசுவமடுவுக்கும் முத்தையன்கட்டுக்கும் போய் மிளகாய் நட்டார்கள். லான்ட்மாஸ்டர் வாங்கினார்கள். ஓலை வீடு கல்வீடாயிற்று.

என் தகப்பனாரின் கொப்பியில் பசளை, மருந்து, மண்ணெண்ணெய் எல்லாம் செலவாக உண்டு. அம்மா புல்லுப் பிடுங்கியதற்கும், அண்ணன்மார் பள்ளிக்கூடம் போகுமுன் இறைத்ததற்கும் ஒரு சதம்கூட எழுதப்படவில்லை. அதையும் சேர்த்தால் இலாபம் நல்லாய்க் குறையும் என்று ஒருமுறை சொன்னேன். "உன்ரை படிப்புச் செலவு எங்கையிருந்து வந்ததடா?" என்றார். கணக்காளனுக்கு அதற்குப் பதில் இல்லை.

எங்கள் பேச்சில் அவ்வளவாக வராத ஒன்று: அதே கட்டுப்பாடுகளின் காலத்தில்தான் கூப்பன் அரிசி குறைந்தது, பாணுக்கு வரிசை நின்றது, மலையகத் தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் இறந்தார்கள். எங்களுக்கு நல்ல விலை என்றது, வாங்கிச் சமைத்தவர்களுக்குப் பாரம்.

1977 ஜூலையில் ஜே.ஆர். வென்றார், நவம்பரில் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டுச் செத்தல் வந்து குவிய, சுன்னாகம் சந்தையில் விலை விழுந்தது. அதே நிலம், அதே கிணறு, அதே உழைப்பு. அரசாங்கம் வெளியில் போட்டிருந்த வேலிதான் இல்லாமல் போனது. பிறகு வந்த யுத்தத்தையும் இடப்பெயர்வையும் நேயர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கொப்பியில் ஏறாத இன்னொரு செலவும் உண்டு. முன்பு பூவரசங்குழையும் மாட்டெருவும் தாழ்த்த மண்ணில், விலை நல்லாயிருக்கிறதென்று யூரியாவை அள்ளிப் போட்டோம். மிசினும் நிறுத்தாமல் இறைத்தது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று குடிநீர் எல்லையைத் தாண்டியிருப்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. ஊரில் எங்கள் கிணற்றில் இன்று தோட்டத்துக்குத்தான் இறைக்கிறார்கள். குடிக்கிறதுக்கு வேறு தண்ணீர்.