மூளைக்காய்ச்சல் வைரஸின் மரபணுத் தடம்

மரபணுத் தடமறிதல் என்பது, கொசுவால் பரவும் வைரஸின் மரபணு எழுத்துகளை வரிசையாகப் படித்து, அது எங்கிருந்து எவ்வழியே வந்தது என்று கண்டறியும் முறை. வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது நேரும் பிழைகள் வழித்தோன்றல்களிலும் தொடரும். ஒரே பிழைகளைச் சுமப்பவை பெரும்பாலும் ஒரே கிளையைச் சேர்ந்தவை. கொசுவால் பரவும் வைரஸ் நோய்களில், தமிழ்நாட்டில் நெடிய வரலாறுடையது ஜப்பானிய மூளைக்காய்ச்சல்.

இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக 1955இல் வேலூர்ப் பகுதியில் அறியப்பட்டது. 1980களிலிருந்து பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் விருத்தாசலம் வட்டாரம் இதற்குப் பேர்போனதாயிற்று. விருத்தாசலம் நகரைச் சுற்றி, நல்லூர் உள்ளிட்ட ஒன்றியங்களில், பாசனம் கிடைக்கும் இடங்களில் நெல் விளைகிறது. நீர் நிற்கும் வயலில் கியூலெக்ஸ் ட்ரைடீனியோரிங்கஸ் என்னும் கொசு பெருகும். கொக்கு போன்ற நீர்ப்பறவைகளிடமிருந்து அது வைரஸைப் பன்றிக்குக் கொண்டுசேர்க்கும். பன்றியின் உடலில் வைரஸ் பல்கி, கொசு வழியே மனிதருக்கும் வரும். மாடு கொசுவை ஈர்க்குமே தவிர வைரஸை வளர்க்காது. நெல் மிகுந்த தஞ்சையில் குழந்தைகளிடம் தொற்று குறைவாக இருந்ததற்கு, மாடுகள் மிகுந்தும் பன்றிகள் குறைந்தும் இருந்ததைக் காரணமாகச் சொல்வதுண்டு.

மனித இரத்தத்தில் இந்த வைரஸ் சிறிதளவே, அதுவும் சில நாள்களே இருக்கும். நோயாளி மருத்துவமனைக்கு வரும்போது பெரும்பாலும் எதிர்ப்பொருளே எஞ்சியிருக்கும். அதைக் கொண்டு நோயை உறுதிசெய்யலாம், மரபணுவைப் படிக்க முடியாது. ஆகவே கொசுவைத்தான் பிடித்தாக வேண்டும். 1985இல் மதுரையில் தொடங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் விருத்தாசலத்தில் களநிலையம் வைத்து இதைச் செய்தது. பொழுது சாய்ந்ததும் மாட்டுக்கொட்டகைகளைச் சுற்றி டார்ச் விளக்கும் உறிஞ்சுகுழலுமாகக் கொசு பிடித்து, இனம் பிரித்து, ஐம்பது வரை ஒரு தொகுதியாக்கி, கடுங்குளிரில் உறையவைத்துச் சோதித்தனர். புகழ் மரபணுவை வரிசைப்படுத்தும் இயந்திரத்துக்குப் போகிறது. ஆனால் பிடித்த ஊரும் நாளும் எழுதப்படாத மாதிரியை எந்த இயந்திரம் படித்தும் தடம் கிடைக்காது.

இவ்வைரஸின் மரபணு ஏறத்தாழ 11,000 எழுத்துகள் நீளமுடையது. ஐந்து மரபுவகைகள் உண்டு. 1958இல் வேலூரில் பிரித்தெடுத்த வைரஸும் 1978இன் கோரக்பூர் வைரஸும் மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. 1990களிலிருந்து கிழக்காசியாவில் முதல் வகை மூன்றாம் வகையின் இடத்தைப் பிடித்தது. இந்தியாவில் அது 2009இல் கோரக்பூரில், பழைய வகையோடு சேர்ந்தே காணப்பட்டது. இங்கு புழங்கும் தடுப்பூசிகள் மூன்றாம் வகையிலிருந்து ஆனவை என்பதால் இந்த மாற்றம் கவனிக்கத்தக்கது.

கொசுவால் பரவும் மற்றொரு வைரஸ் நோயான சிக்குன்குனியாவில் தடம் இன்னும் தெளிவு; நோயாளியின் இரத்தத்திலேயே வைரஸ் ஏராளமாகக் கிடைக்கும். 1964இல் சென்னையைத் தாக்கியது ஆசிய மரபுவகை. முப்பதாண்டுக்கு மேல் அடங்கியிருந்து 2005–06இல் திரும்பியதோ ஆப்பிரிக்க வகை என்று புனே தேசிய வைராலஜி நிறுவனம் காட்டியது. 2007இல் கேரள வைரஸில் இ1 புரதத்தின் 226ஆம் இடம் மாறியிருந்தது. இப்படி மாறிய வைரஸை ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசு எளிதாகப் பரப்பும். ரீயூனியன் தீவிலும் இதே மாற்றம் தென்பட்டதால் அங்கிருந்து வந்தது என எண்ணத் தோன்றும். மரபணுக் கிளைவரைபடமோ, அம்மாற்றம் இரு இடங்களிலும் தனித்தனியே நிகழ்ந்தது என்கிறது. அதே ஆண்டு கேரளத்திலிருந்து சென்ற ஒருவர் வழியாக இத்தாலியின் எமிலியா ரொமாஞ்ஞாப் பகுதியில் இருநூறு பேரளவில் நோயுற்றனர்.