கூலி என்னும் சொல்

தமிழிலிருந்து ஆங்கிலம் சென்ற சொற்களைக் கூறும்போது கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் என்று பெருமையுடன் எண்ணுவோம். கூலியை மட்டும் விட்டுவிடுவோம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் பள்ளியில் ஒருநாள் 619ஆம் குறளை நடத்தினேன். அச்சொல் வந்ததும் மாணவன் ஒருவன் தலைகுனிந்தான். அவன் பாட்டனாரை அப்பெயரால்தான் அழைத்தார்களாம்.

அக்குறள் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் உள்ளது. தெய்வத்தால் கைகூடாததாயினும், உடல் வருந்திய அளவுக்கு முயற்சி பயன் தரும் என்பது அதன் கருத்து. ஆகவே கூலி என்பது உழைத்தவனுக்குச் சேரவேண்டிய பொருள். கேட்டுப் பெறத்தக்க உரிமை. உழைப்பவனைச் சுட்டக் கூலியாள், கூலிக்காரன் என வேறு சொற்கள் நம்மிடம் உண்டு.

ஆங்கிலத்தில் இது ஆளின் பெயராயிற்று. 1886இல் யூலும் பர்னலும் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, குஜராத்தின் கோலி மக்களின் பெயரையும் நம் கூலியையும் ஒருங்கே வைத்து ஆராய்கிறது. மூலம் எதுவாயினும், சம்பளப் பொருள் அங்கே நிற்கவில்லை. மலாய் மொழியைப் பாருங்கள்: கூலி என்றால் ஆள், அவன் பெறுவதற்குப் பெயர் ஊப்பா!

பின்னர் உழைப்பும்கூட அப்பெயருக்கு வேண்டியிருக்கவில்லை. 1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகள் மூட்டை சுமந்தவரல்லர், வழக்கறிஞர். அவரையும் வெள்ளையர் 'கூலி பாரிஸ்டர்' என்றனர்.

மலாயாவில் தமிழர்க்கான ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறை தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு, உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்தது. இதற்கிடையே 1929இல் ரஸ்ஸல் என்பவர் இம்மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, குளிரில் கொழுந்து கிள்ளியவர்கள் நம்மவர். பெரட்டு என்பதே ஆங்கிலப் 'பரேடு'தான். நாம் ஒரு சொல்லைக் கடன் வாங்கினோம், ஒன்றைக் கொடுத்துக் கெட்டோம்.

இன்று இச்சரிவுகளில் கொழுந்தெடுப்போருள் வங்காளதேசத்தார், நேபாளத்தார் பலர். அவர்கள் மொழிகளிலும் இச்சொல் சுமைதூக்கும் ஆளையே குறிக்கும். எங்கள் பிள்ளைகள் சிலர் அவர்களை அப்படிக் கூப்பிடக் கேட்டிருக்கிறேன். அந்த வாரமே 619ஆம் குறளை மறுபடியும் நடத்தினேன்.