நெல்லின் துணை என்னும் பூச்சி

ஜப்பானிய மொழியில் மின்னலுக்கு ‘இனாசுமா’ என்று பெயர். நெல்லின் துணை என்பது அச்சொல்லின் பழம்பொருள். மின்னல் தீண்டினால்தான் கதிர் முற்றும் என்று அந்நாட்டு உழவர் நம்பினர். சிறகில் மின்னற்கீற்று போன்ற வரி கொண்ட தத்துப்பூச்சி ஒன்றுக்கும் இதே பெயர் வாய்த்தது; அது நெல்லுக்கு எத்தகைய துணை என்பது வேறு கதை.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பீவா ஏரியைச் சூழ்ந்த ஷிகா மாகாணத்தின் சேற்று வயல்களில் நெற்பயிர் குட்டையாகிக் கிடந்தது. இலைகள் கரும்பச்சை, நரம்போரம் வெண்புள்ளிகள், தூர்கள் மிகுதி, கதிரோ அரிது. இதற்குத் தத்துப்பூச்சிகளோடு தொடர்புண்டு என்று 1894 வாக்கில் சோதித்துக் கண்டவர் ஹாட்சுசோ ஹாஷிமோடோ என்ற உழவர். அவர் எதையும் அச்சேற்றவில்லை. மறு ஆண்டு தகாடா என்பவர் அச்சேற்றினார். அவர் சுட்டியது மின்னற்பூச்சியை. 1900-ஐ ஒட்டி ஷிகா வேளாண் ஆய்வு நிலையம் சுட்டியதோ வேறொன்றை.

அந்த வேறொன்றுக்கு உழவர் வழக்கில் ‘ட்சுமகுரோ யோகோபாய்’ என்று பெயர்: நுனி கறுத்து, பக்கவாட்டில் நகர்வது. ஆளைக் கண்டதும் இலைக்குப் பின்புறம் பக்கவாட்டில் ஒதுங்கும் பூச்சிக்கு இதனினும் பொருத்தமான பெயர் இல்லை என்போம். அரை சென்டிமீட்டர் நீளம், பச்சை உடல், ஆணின் சிறகு நுனியில் கருமை. தலையில் ஓடும் கரும்பட்டையைக் கண்டு, ‘பட்டைத்தலை’ எனப் பொருள்படும் ‘சின்க்டிசெப்ஸ்’ என்ற லத்தீன் பெயரை 1896-இல் இட்டவர் அமெரிக்கரான உஹ்லர். காவிரிப் படுகையில் துங்ரோ நோயைப் பரப்பும் நம் பச்சைத் தத்துப்பூச்சி இதன் நெருங்கிய உறவு.

பின்னாளில் இரு பூச்சிகளுமே குற்றவாளிகள் என்று தெளிந்தது. தகாடா பிழை செய்யவில்லை. ஆனால் அதற்குமுன் ஒரு புதிர் எழுந்தது. டோக்கியோப் பகுதியில் பிடித்த அதே கறுப்புநுனிப் பூச்சியை நெல்லில் விட்டால் நோய் வரவில்லை! இனம் ஒன்று, செயல் வேறு. நோயுற்ற பயிரை உறிஞ்சிய பிறகே அவையும் நோய் பரப்பின என்று 1910-ஐ ஒட்டி அறிந்தனர். நஞ்சு பூச்சியினுடையது அன்று. அது சுமந்து திரிவது. பூச்சியின் முகத்தை மட்டும் அறிந்தால் போதாது, அது எங்கே உண்டு வளர்ந்தது என்பதையும் அறிய வேண்டியிருந்தது.

1933-இல் டெய்கிச்சி ஃபுகுஷி இன்னும் வியப்பான ஒன்றைக் காட்டினார்: நோய்க்கிருமி தாயின் முட்டை வழியே குஞ்சுக்கும் இறங்குகிறது. அறுவடை முடிந்து வயல் வெறிச்சோடியபின் நோய் எங்கே ஒளிந்திருந்தது என்பதற்கும் விடை கிடைத்தது. தரிசான வயலின் ஈரப் புல்லில், இன்னும் சிறகு முளைக்காத இளம்பூச்சிகளாக இவை பனிக்காலத்தைக் கழிக்கின்றன. வசந்தத்தில் சிறகு பெற்று நாற்றங்காலுக்குப் போகின்றன.