லார்ட்ஸ் குருவி

பள்ளிக்கூட நாட்களில் நான் ஒரு வினாடி வினா பைத்தியம். தலைநகரம், நாணயம், யானையின் கர்ப்பகாலம், யார் எத்தனை செஞ்சுரி என்று கையில் கிடைத்த பொது அறிவுப் புத்தகத்தையெல்லாம் உருப்போட்டுக்கொண்டு திரிவேன். கணக்கில் மார்க் வராததுக்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது அப்பாவின் கட்சி.

ஒரு போட்டியில் கடைசிச் சுற்று. ரெண்டு டீமும் சமம். கேள்வி வந்தது: "லார்ட்ஸ் மைதானத்தின் மியூசியத்தில் பாடம் பண்ணி வைத்திருக்கும் பறவை எது?" யோசிக்கவே இல்லை, "புறா" என்றேன். டிவியில் மேட்ச் பார்த்தால் பவுண்டரி பக்கம் புறாதானே நடந்துக்கிட்டு இருக்கும்! எதிர் டீம் பையன் அமைதியா "சிட்டுக்குருவி சார்" என்றான். கோப்பை அவங்க ஊருக்குப் போச்சு. அந்த எரிச்சலில்தான் இந்தக் குருவியைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். இன்னும் விட்டபாடில்லை.

கதை இதுதான். 1936 ஜூலை 3. லார்ட்ஸில் எம்.சி.சி.க்கும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கும் ஆட்டம். கேம்பிரிட்ஜுக்காகப் பந்து வீசியவர் ஜஹாங்கிர் கான். மட்டை பிடித்தவர் டாம் பியர்ஸ். ஓடி வந்து போட்ட பந்து, குறுக்கே பறந்த ஒரு குருவி மேல் பட்டது. பியர்ஸ் எப்படியோ பந்தைத் தடுத்து ஆடிவிட்டார். குருவி ஸ்டம்ப் பக்கம் செத்துக் கிடந்தது. பெயில்ஸ் விழவில்லை. அந்தக் குருவியைப் பாடம் பண்ணி, அதே பந்தின் மேல் உட்கார வைத்துவிட்டார்கள். ஆஷஸ் குப்பி இருக்கும் அதே மியூசியத்தில் அதுவும் இருக்கு.

இந்த ஜஹாங்கிர் கான் யார் தெரியுமோ? ஜலந்தரில் பிறந்தவர். 1932-ல் இதே லார்ட்ஸில் இந்தியா ஆடிய முதல் டெஸ்டில் இருந்தவர். இரண்டாவது இன்னிங்ஸில் 60 ரன்னுக்கு 4 விக்கெட். அப்புறம் படிக்க கேம்பிரிட்ஜ் போய், டாக்டர் பட்டமும் வாங்கினார். 1936-ல் இந்திய அணி மறுபடி இங்கிலாந்து வந்தபோது மூன்று டெஸ்டிலும் இவரைச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் டெஸ்ட் லார்ட்ஸில், ஜூன் 27 முதல் 30 வரை. விக்கெட் கிடைக்கவில்லை. மூன்றே நாள் கழித்து, அதே மைதானத்தில், குருவி! மற்ற ரெண்டு டெஸ்டிலும் விக்கெட் இல்லை. ஆக, மனுஷன் ஆடிய 4 டெஸ்டில் எடுத்த 4 விக்கெட்டும் அந்த 1932 இன்னிங்ஸோடு சரி. பிற்பாடு மகன் மாஜித் கானும் பேரன் பாசித் கானும் பாகிஸ்தானுக்கு டெஸ்ட் ஆடினார்கள். இம்ரான் கானுக்கு மாஜித் அம்மா வழியில் அண்ணன் முறை. இவ்வளவு பெரிய கிரிக்கெட் குடும்பத்தின் தலைவரை உலகம் ஞாபகம் வைத்திருப்பது ஒரு குருவியால். பாவம்தான்.

நிற்க. இதே மாதிரி இன்னொரு குருவியும் உண்டு. அது விழுந்தது டிவிக்காரர்கள் கையில்.

நெதர்லாந்தில் 2009 வரை வருஷா வருஷம் 'டோமினோ டே' என்று ஒரு நிகழ்ச்சி நடந்தது. லட்சக்கணக்கான டோமினோ கட்டைகளை வரிசையா நிற்க வைத்து, ஒன்றைத் தட்டினால் மொத்தமும் சரிவதை நேரடியாகக் காட்டுவார்கள். குழந்தை குட்டிகளோடு குடும்பமே உட்கார்ந்து பார்க்கும் ரகம். 2005-ல் நாற்பது லட்சத்துக்கும் மேல் கட்டைகளை சரித்து சாதனை படைக்கத் திட்டம். நவம்பர் 14, ஒளிபரப்புக்கு நாலு நாள் முன்னாடி, லேவார்டன் நகரில் அந்த அரங்கத்துக்குள் ஒரு பெண் குருவி புகுந்தது. 23,000 கட்டைகளைத் தட்டிவிட்டது. நடுநடுவே இடைவெளி விட்டிருந்ததால் அதோடு நின்றது. வலை வைத்துப் பிடிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. கடைசியில் ஆள் கூப்பிட்டு, ஏர் கன்னால் சுட்டுவிட்டார்கள்.

அவ்வளவுதான், நாடே கொந்தளித்தது. குருவிக்கு இரங்கல் இணையதளம். சுட்டவருக்குக் கொலை மிரட்டல். அனுமதி இல்லாமல் சுட்டதற்காக 200 யூரோ அபராதம் வேறு. வழக்கின் சாட்சியமாக ஃப்ரீஸரில் கிடந்த குருவியை ராட்டர்டாம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கீஸ் முலிக்கர் கேட்டு வாங்கி, பாடம் பண்ணி, ஒரு டோமினோ பெட்டி மேல் உட்கார வைத்தார். 2006 நவம்பரில் அங்கே சிட்டுக்குருவிக்கென்றே ஒரு கண்காட்சி. அதுக்கு லார்ட்ஸ் குருவியையும் இரவல் வாங்கி வந்தார்கள். பந்து மேல் ஒன்று, பெட்டி மேல் ஒன்று. எழுபது வருஷ இடைவெளியில் செத்த ரெண்டு ஊர்க்குருவிகள்.

இதுவரைக்கும் வேடிக்கை. எனக்குத் தொண்டையில் சிக்கியது இனிமேல் வருவது.

லார்ட்ஸிலிருந்து மூன்று கிலோமீட்டர் கூட இருக்காது, கென்சிங்டன் கார்டன்ஸ் என்று ஒரு பெரிய பூங்கா. 1925-ல் மேக்ஸ் நிக்கல்சன் என்ற பறவை ஆர்வலர் அங்கே நடந்து நடந்து குருவிகளை எண்ணினார். 2,603. பின்னாடி வந்தவர்களும் அவ்வப்போது எண்ணினார்கள். 1948-ல் 885. 1975-ல் 544. 1995-ல் 46. 2000-ல் 8.

எட்டு!

அந்த 2000-ல்தான் 'தி இண்டிபென்டென்ட்' பத்திரிகை, குருவிகள் ஏன் காணாமல் போகின்றன என்று அறிவியல்பூர்வமாகச் சொல்பவருக்கு 5,000 பவுண்ட் பரிசு என்று அறிவித்தது. லெஸ்டர் நகரத்தில் கூடு கூடாகப் போய்ப் பார்த்த ஒரு ஆய்வு சொன்னது, குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியால் சாகின்றன என்று. பெரிய குருவி தானியம் தின்று பிழைத்துக்கொள்ளும். குஞ்சுக்குப் புழு பூச்சிதான் வேணும். தோட்டத்தை மூடிக் கல் பதித்து, மருந்தும் அடித்தால் பூச்சிக்கு எங்கே போவது? நம்மூரில் செல்போன் டவர்தான் காரணம் என்று சத்தியமே பண்ணுவார்கள். அதுக்கு உறுதியான ஆதாரம் எதையும் நான் பார்க்கவில்லை. 2020-ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் குருவி எண்ணிக்கை பெரிசாக மாறவில்லை, பெருநகரங்களில்தான் குறைகிறது என்கிறது. கேட்கக் கொஞ்சம் ஆறுதல்.

அடைக்கலாங்குருவி என்பாள் என் பாட்டி. வீட்டுக்குள் அடைக்கலம் கேட்டு வந்ததாம். சாமி படத்துக்குப் பின்னால் வைக்கோல் திணித்துக் கூடு கட்டும். குஞ்சு பறக்கிற வரை, மே மாச வெயிலிலும் கூடத்து ஃபேனைப் போட விடமாட்டாள். ஒரு லீவில் எனக்குப் புழுக்கம் தாங்கவில்லை. அவள் தூங்கியதும் மெதுவாகப் போய் சுவிட்சைத் தட்டினேன். டப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பாட்டி எழுந்து வந்து பார்த்தாள். திட்டவில்லை. கறிவேப்பிலைச் செடி அடியில் குழி தோண்டச் சொன்னாள், தோண்டினேன். அப்புறம் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்தக் குருவிக்கு மியூசியம் எதுவும் இல்லை. வீடும் விற்றாச்சு, செடியும் இருக்காது.

போன பொங்கலுக்கு எங்கள் அடுக்குமாடிப் பசங்களுக்கு வினாடி வினா நடத்தச் சொன்னார்கள். பழைய கணக்கைத் தீர்க்கிற மாதிரி கடைசிக் கேள்வியாக இதைக் கேட்டேன்: "2603, 885, 544, 46, 8. இது எதோட கணக்கு?"

ரொம்ப நேரம் யாரும் வாயே திறக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு வாண்டு கையைத் தூக்கியது.

"ஏதாவது டீமோட ஸ்கோரா அங்கிள்? போகப் போக இவ்ளோ மோசமா ஆடியிருக்காங்க?"

விடை தப்பு. ஆனாலும் அரை மார்க் கொடுத்தேன்.